ஒரு பாக்டீரியாவுக்குப் பெயர் வைப்பது எப்படி? பெட்ரி தட்டில் இருந்து பெயர்ப் பட்டியல் வரை

சர்வதேச விண்வெளி நிலையத்தில் காற்றைச் சுத்தப்படுத்தும் வடிகட்டி ஒன்று 40 மாதம் ஓடியது. பிறகு அதைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்து, கலிபோர்னியாவில் உள்ள நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் ஆராய்ந்தார்கள். அதில் இருந்து வளர்ந்து வந்த பாக்டீரியாக்களில் ஒன்று, அதுவரை யாரும் விவரிக்காத சிற்றினம். 2017-ல் அதற்கு சோலிபேசில்லஸ் கலாமி என்று பெயர் வந்தது. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாமின் பெயர். அந்த ஆய்வுக் குழுவில் இருந்த கஸ்தூரி வெங்கடேஸ்வரன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்.

"நாசா கலாமின் பெயரைச் சூட்டியது" என்று அப்போது செய்திகள் வந்தன. விண்வெளி உயிரி என்றுகூடச் சிலர் எழுதினார்கள். அது பூமியில் இருந்து ஆட்களோடோ சரக்கோடோ மேலே போன பாக்டீரியா, அவ்வளவுதான். பெயர் வைக்கும் அதிகாரமும் நாசாவுக்குக் கிடையாது. பாக்டீரியா ஒன்றுக்குப் பெயர் நிலைக்க வேண்டுமென்றால் உலகம் முழுக்க ஒரே விதிநூல்தான். அந்த விதிகளைப் பின்பற்றினால் சிதம்பரத்தில் ஆராய்ச்சி செய்யும் மாணவியும் பெயர் வைக்கலாம். பின்பற்றாவிட்டால் எவ்வளவு பெரிய ஆய்வகம் வைத்த பெயரும் நிற்காது.

நுண்ணுயிரியல் முதுகலை ப்ராஜெக்டில் இருப்பவர்களும், இப்போதுதான் ஆராய்ச்சியில் காலெடுத்து வைத்தவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: "என்கிட்ட ஒரு புது பாக்டீரியா இருக்கற மாதிரி இருக்கு, அடுத்து என்ன செய்யணும்?" அவர்களுக்காகத்தான் இது.

தொடங்கும் முன்: பெயரிடுதல் வேறு, வகைப்பாடு வேறு

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. வகைப்பாடு என்றால், எது எதற்கு உறவு, எதை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்ற முடிவு. அது அறிவியல் கருத்து. ஆதாரம் மாறினால் அதுவும் மாறும். இரண்டு ஆய்வாளர்கள் இரண்டு விதமாகச் சொல்லலாம். பெயரிடுதல் என்பது அந்தக் கூட்டத்துக்கு எந்தப் பெயர் செல்லும் என்ற சட்டம். புரோகேரியோட்டுகளின் (பாக்டீரியா, ஆர்க்கியா) பெயரிடலுக்கான சர்வதேச விதிநூல் இந்த இரண்டாவது வேலையை மட்டும்தான் செய்கிறது. "இந்த பாக்டீரியா உண்மையிலேயே தனிச் சிற்றினமா?" என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. தனி என்று நீங்கள் கருதினால் அதற்கு எப்படிப் பெயர் வைக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது.

விதிநூலின் அடித்தளம் ஒரு தேதி: 1980 ஜனவரி 1. அதற்கு முன் நூறு வருடத்துக்கும் மேலாக ஆளாளுக்குப் பெயர் வைத்து, ஒரே பாக்டீரியாவுக்குப் பத்துப் பெயர், ஒரே பெயரில் நாலு பாக்டீரியா என்று பல ஆயிரம் பெயர்கள் குவிந்துகிடந்தன. நுண்ணுயிரியலாளர்கள் துணிந்து ஒரு காரியம் செய்தார்கள். எந்தப் பெயருக்கு ஒழுங்கான விவரிப்பு இருக்கிறதோ அவற்றை மட்டும் எடுத்து, ஏறக்குறைய 2,300 பெயர்களுடன் அங்கீகரிக்கப்பட்ட பெயர்ப் பட்டியலை வெளியிட்டார்கள். மற்றதெல்லாம் செல்லாது. தாவரவியலில் 1753, விலங்கியலில் 1758 என்று லின்னேயஸ் காலத்துக்கே போய் நூலகங்களைத் துழாவ வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தச் சுமை இல்லை. எனக்கு இந்த விதிநூலில் மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

வகைப்பாட்டு ஏணியின் படிகள் பள்ளிப் பாடத்தில் வந்தவைதான். பெயரின் கடைசி அசையைக் காதில் வாங்கினாலே எந்தப் படி என்று தெரிந்துவிடும். ‘ஓட்டா’ என்று முடிந்தால் தொகுதி, ‘ஏலிஸ்’ என்றால் வரிசை, ‘ஏசியே’ என்றால் குடும்பம். குடலில் வாழும் ஈ. கோலையை (எஷெரிக்கியா கோலை) எடுத்துக்கொண்டால் சூடோமோனடோட்டா தொகுதி, என்டெரோபாக்டெரேலிஸ் வரிசை, என்டெரோபாக்டெரியேசியே குடும்பம், எஷெரிக்கியா பேரினம். பழைய புத்தகங்களில் புரோட்டியோபாக்டீரியா, ஃபிர்மிக்யூட்ஸ் என்று படித்திருப்பீர்கள். தொகுதிப் பெயர்கள் 2021-ல்தான் விதிநூலுக்குள் முறையாக வந்தன. அப்போது அவை சூடோமோனடோட்டா, பேசில்லோட்டா ஆகிவிட்டன. வாத்தியார் சொன்னது தவறில்லை, பெயர் மாறிவிட்டது.

முதல் படி: ஒரே ஒரு பாக்டீரியா

மண்ணோ, தண்ணீரோ, இட்லி மாவோ, எதில் இருந்து எடுத்தாலும் முதலில் தட்டில் வருவது கும்பல். அதில் ஒரு காலனியை லூப்பால் தொட்டு எடுத்து, புதுத் தட்டில் இழுங்கள். வளர்ந்ததும் அதில் இருந்து தனியாக நிற்கும் ஒரு காலனியை மறுபடி. இப்படி குறைந்தது மூன்று முறை. மூன்றாவது தட்டில் எல்லா காலனியும் ஒரே நிறம், ஒரே ஓரம், ஒரே பளபளப்பாக இருக்க வேண்டும். கண்ணை ஏமாற்றும் கலப்படமும் உண்டு. இரண்டு பாக்டீரியா ஒன்றையொன்று ஒட்டியே வாழும். சந்தேகம் இருந்தால் நான்காவது முறையும் இழுங்கள். இங்கே அவசரப்பட்டால் பின்னால் செய்யும் ஒவ்வொரு சோதனையும் பொய் சொல்லும்.

சுத்தமான வளர்ப்பு கிடைத்த அன்றைக்கே அதற்கு ஒரு எண் கொடுங்கள். இதைத்தான் ஸ்ட்ரெய்ன் எண் என்கிறோம். கலாமியின் ஸ்ட்ரெய்ன் எண் ஐ.எஸ்.எஸ்.எஃப்.ஆர்.-015. பெயர் பிறப்பதற்கு முன்பே எண் பிறந்துவிடுகிறது. அன்றைக்கே கிளிசரால் கலந்து, சிறு குப்பிகளில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரு உறைபெட்டியில் மட்டும் வைக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் முதுகலை ப்ராஜெக்டில் உப்பளத்து மண்ணில் இருந்து எடுத்த ஒரு ஸ்ட்ரெய்ன் எல்லாவற்றிலும் வித்தியாசமாக இருந்தது. பொங்கல் விடுமுறையில் உறைபெட்டி நின்றுவிட்டது. நாங்கள் திரும்பி வந்தபோது குப்பிகளில் இருந்தது கலங்கிய தண்ணீர். வேறு இடத்தில் ஒரு குப்பிகூட வைத்திருக்கவில்லை. என்னிடம் நோட்டு நிறையக் குறிப்புகள் இருந்தன, புகைப்படங்கள் இருந்தன. அவற்றை வைத்து எந்தப் பெயரும் வைக்க முடியாது. விதிநூல் கேட்பது வளர்ப்பை.

இரண்டாம் படி: பார்த்து, தொட்டு, அறிதல்

கிராம் சாயமேற்றத்தை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-ல் வெளியிட்ட முறை. செல் சுவர் எந்த வகை என்ற முதல் கேள்விக்கு இன்றைக்கும் பதில் சொல்வது அதுதான். கிரிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், சாஃப்ரனின். ஆல்கஹாலில் கழுவும் நேரம்தான் உயிர்நாடி. கொஞ்சம் அதிகமாகக் கழுவினால் ஊதாவாக நிற்க வேண்டியதும் இளஞ்சிவப்பாகத் தெரியும். பழைய வளர்ப்பை எடுத்தாலும் அதே கோளாறு. அதனால் இளம் வளர்ப்பை எடுங்கள். பக்கத்திலேயே தெரிந்த பாக்டீரியா இரண்டை, ஒன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு, அதே ஸ்லைடில் வைத்துச் செய்யுங்கள்.

அப்புறம் வழக்கமான பட்டியல்: கோலா உருண்டையா, நகருமா, வித்து உண்டா, எந்த வெப்பநிலையில், எந்த அமிலத் தன்மையில், எவ்வளவு உப்பில் வளரும், ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டால் நுரைக்குமா, எந்தச் சர்க்கரையைத் தின்னும். இதோடு செல்லின் கொழுப்பு அமிலங்கள், கினோன் வகை, துருவக் கொழுப்புகள். ஒன்றை மறக்க வேண்டாம்: நெருங்கிய உறவினர்களின் மாதிரி ஸ்ட்ரெய்ன்களையும் (அந்தச் சிற்றினப் பெயர் கட்டப்பட்டிருக்கும் வளர்ப்புகள்) வாங்கி, அதே ஆய்வகத்தில், அதே ஊடகத்தில், அதே வாரத்தில் வளர்த்து ஒப்பிடுங்கள். பழைய கட்டுரையில் போட்டிருக்கும் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடுவது, வேறு வேறு தராசில் நிறுத்தவற்றை ஒப்பிடுவது போல.

மூன்றாம் படி: 16எஸ்

எல்லா பாக்டீரியாவிடமும் ரிபோசோமின் ஒரு பகுதியை உண்டாக்கும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. ஜீன் இருக்கிறது. நீளம் ஏறக்குறைய 1,500 எழுத்துகள். மெதுவாகத்தான் மாறும், அதனால் உறவு எவ்வளவு தூரம் என்று அளக்க வசதி. கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-ல் ஆர்க்கியா என்ற தனி வம்சத்தையே இந்த மூலக்கூறைப் படித்துத்தான் பிரித்துக் காட்டினார்கள்.

டி.என்.ஏ.வைப் பிரித்து, இந்த ஜீனைப் பெருக்கி, வரிசையைப் படித்து, தரவுத்தளத்தில் ஒப்பிடுகிறீர்கள். இங்கேதான் புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குகிறார்கள். பிளாஸ்ட் என்ற இணையக் கருவியில் வரிசையைத் தேடும்போது முதலில் வரும் பெயரை எடுத்துத் தங்கள் பாக்டீரியாவுக்கு ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பொதுத் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் வரிசையைப் போடலாம், எந்தப் பெயரும் கொடுக்கலாம். முதலில் வந்த பெயரே இன்னொரு மாணவர் அதே மாதிரி ஒட்டிய பெயராக இருக்கக்கூடும். தவறு தவறைப் பெற்றெடுக்கும். ஆகவே மாதிரி ஸ்ட்ரெய்ன்களின் வரிசையோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஈஸ்பயோகிளவுட் போன்ற தளங்கள் அதற்காகவே இருக்கின்றன. பிளாஸ்டிலும் மாதிரி ஸ்ட்ரெய்ன்களை மட்டும் காட்டும்படி வடிகட்டலாம்.

எண்ணைப் படிப்பது எப்படி? ஒற்றுமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் உங்களிடம் இருப்பது புதுச் சிற்றினமாக இருக்க நல்ல வாய்ப்பு. அதற்கு மேலே இருந்தால் "அதே சிற்றினம்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 16எஸ் அவ்வளவு நுட்பமான கண்ணாடி இல்லை. கலாமியே சாட்சி. அதன் 16எஸ் நெருங்கிய உறவினரோடு 99 விழுக்காட்டை ஒட்டி ஒத்துப்போனது. முழு டி.என்.ஏ.வையும் சேர்த்து ஒப்பிட்டபோது உறவு 50 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. தனிச் சிற்றினம் என்று அதனால்தான் முடிவானது.

அந்த நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? சோலிபேசில்லஸ் இஸ்ரோனென்சிஸ். இஸ்ரோவின் பெயர் கொண்டது. பலூனில் 20 கிலோமீட்டருக்கு மேலே அனுப்பிக் காற்று மாதிரி பிடித்த குழாய்களில் இருந்து இந்திய விஞ்ஞானிகள் பிரித்தெடுத்து, 2009-ல் விவரித்த மூன்று பாக்டீரியாக்களில் ஒன்று. இஸ்ரோவில் எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டை உருவாக்கிய கலாமின் பெயர், வகைப்பாட்டிலும் இஸ்ரோவுக்குப் பக்கத்திலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. இதை முதன்முதலில் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நான்காம் படி: முழு ஜீனோம்

டி.என்.ஏ. கலப்பு ஒப்பீட்டில் 70 விழுக்காடு என்பது 1987-ல் வகுத்த எல்லை. இரண்டு ஸ்ட்ரெய்ன்களுக்கு இடையே அதற்குக் கீழே வந்தால் வேறு வேறு சிற்றினம். அந்தச் சோதனையைக் கையால் செய்வது பெரும் பாடு. ஒரு ஆய்வகத்தில் வந்த எண் இன்னொன்றில் வராது. இன்றைக்கு முழு ஜீனோமையும் படித்து, கணினியில் ஒப்பிடுகிறோம். இரண்டு ஜீனோம்களின் சராசரி எழுத்து ஒற்றுமை 95–96 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் தனிச் சிற்றினம். பழைய 70 விழுக்காட்டு எல்லையையும் கணினியிலேயே கணக்கிட, ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் உள்ள டி.எஸ்.எம்.இசட். வளர்ப்பு நிலையம் ஒரு கருவியை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது.

சரி, எண் எல்லையின் மேலேயே விழுந்தால்? 95.4 என்று வந்தால் என்ன செய்வது? எந்த விதியும் உங்களைக் காப்பாற்றாது. இரண்டாம் படியில் சேகரித்த குணங்கள் அப்போதுதான் கைகொடுக்கும். அப்படிப்பட்ட இடத்தில் புதுப் பெயர் வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. இன்னும் இரண்டு மூன்று ஸ்ட்ரெய்ன்களைத் தேடிப் பிடித்துப் பார்க்கும் பொறுமை வேண்டும்.

ஐந்தாம் படி: இரண்டு நாடுகளில் டெபாசிட்

நான் மாதிரி ஸ்ட்ரெய்ன் என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் இந்தக் கட்டடத்தின் அஸ்திவாரம். சிற்றினப் பெயர் ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கும் ஒரு வளர்ப்போடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. தாவரத்துக்குக் காய்ந்த இலை போதும், பூச்சிக்குக் குத்தி வைத்த உடல் போதும். பாக்டீரியாவுக்கு உயிருள்ள குப்பி வேண்டும். ஈ. கோலைக்கு அது யு5/41 என்ற ஸ்ட்ரெய்ன். அமெரிக்காவின் ஏ.டி.சி.சி. வளர்ப்பு நிலையத்தில் 11775, ஜெர்மனியின் டி.எஸ்.எம்.இசட்.டில் 30083, ஜப்பானின் ஜே.சி.எம்.மில் 1649. ஒரே உயிருக்கு மூன்று முகவரி. புத்தகங்களில் எல்லாம் வரும் கே-12 மாதிரி ஸ்ட்ரெய்ன் இல்லை என்பதையும் கவனியுங்கள். மாதிரி என்றால் சிறந்தது என்றோ, சராசரியானது என்றோ அர்த்தம் கிடையாது. பெயர் கட்டப்பட்டிருக்கும் ஆணி, அவ்வளவுதான். இன்னொரு ஸ்ட்ரெய்ன் ஈ. கோலையா என்று கேட்டால், யு5/41-க்கு அது எவ்வளவு நெருக்கம் என்றுதான் பார்க்க வேண்டும்.

புதுச் சிற்றினத்தின் மாதிரி ஸ்ட்ரெய்னைக் குறைந்தது இரண்டு நாடுகளில், இரண்டு பொது வளர்ப்பு நிலையங்களில் வைக்க வேண்டும். அங்கிருந்து யார் கேட்டாலும் தடையில்லாமல் கிடைக்க வேண்டும். இந்தியாவில் சண்டிகரில் எம்.டி.சி.சி.யும், புனேயில் தேசிய நுண்ணுயிரி வள மையமும் இருக்கின்றன. வெளிநாட்டுக்கு அனுப்ப 2002-ன் உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும். அதைப் பார்த்துக்கொள்ளும் தேசிய உயிரியல் பல்வகைமை ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. கட்டுரை எழுதி முடித்த பிறகு இதைப் பற்றி யோசிக்காதீர்கள். நிலையம் உங்கள் குப்பியைப் பெற்று, வளர்த்துப் பார்த்து, சான்றிதழ் கொடுக்கக் காலம் எடுக்கும். 16எஸ் முடிவு நம்பிக்கை தந்த உடனேயே விண்ணப்பியுங்கள்.

ஆறாம் படி: பெயரை உருவாக்குதல்

இதுதான் எல்லோருக்கும் பிடித்த வேலை. தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு எளிதும்கூட.

பெயர் இரண்டு சொல். முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றின அடைமொழி. எந்த மொழியில் இருந்து எடுத்தாலும் லத்தீன் உடை உடுத்த வேண்டும். சோலிபேசில்லஸ் என்பதில் சோலம் என்றால் மண், பேசில்லஸ் என்றால் சிறு கோல்: மண்ணில் வாழும் கோல். கலாமி என்பதற்கு லத்தீனில் கடைசியில் இரண்டு ‘இ’ வரும். கலாம் முதலில் கலாமியஸ் என்று லத்தீன் ஆண் பெயராகிறது, பிறகு ஆறாம் வேற்றுமை உருபு ஏற்கிறது. பொருள்: கலாமின். நம் ‘உடைய’ அங்கே கடைசி எழுத்தாகிவிடுகிறது. பெண்ணின் பெயர் என்றால் முடிவு ‘ஏ’ ஆகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பல்லுயிர் ஆய்வாளர் அஜ்மல் கானை நினைவுகூரும் மெத்திலோபாக்டீரியம் அஜ்மலி, இதே முறையில் 2021-ல் வந்தது. அதுவும் விண்வெளி நிலையத்தில் கிடைத்ததுதான்.

ஊர்ப் பெயர் என்றால் ‘என்சிஸ்’ சேரும். துலாரே என்ற கலிபோர்னியா வட்டாரத்தில் இருந்து ஃபிரான்சிசெல்லா துலாரென்சிஸ் வந்தது அப்படித்தான். நமக்குப் புதிதாகத் தோன்றுவது ஒன்று உண்டு. தமிழில் நல்ல பையன், நல்ல பெண், நல்ல வீடு என்று பெயரடை மாறாமல் நிற்கும். லத்தீனில் பேரினத்தின் பாலுக்கு ஏற்ப அடையும் மாறும். அசினெட்டோபாக்டர் ஆண்பால், ஆகவே இண்டிகஸ். மெத்திலோபாக்டீரியம் ஒன்றன்பால், ஆகவே இண்டிகம். இரண்டும் இந்தியாவைத்தான் குறிக்கின்றன. அசோஸ்பிரில்லம் பிரசிலென்ஸ் என்பதில் ‘என்சிஸ்’ ‘என்ஸ்’ ஆனதும் அதே காரணத்தால்தான். பெரிய ஆய்வாளர்களே இதில் தவறி, பிறகு இதழ்களில் திருத்தம் வந்திருக்கிறது. லத்தீன் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

உங்கள் பெயரையோ கூட எழுதுபவரின் பெயரையோ வைக்காதீர்கள். விதிநூல் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. வாயில் நுழையாத நீளமும் வேண்டாம். நீங்கள் நினைத்த பெயர் ஏற்கனவே இருக்கிறதா என்று எல்.பி.எஸ்.என். என்ற இலவசப் பட்டியலில் பாருங்கள். 1997-ல் தொடங்கியது, இப்போது டி.எஸ்.எம்.இசட். நடத்துகிறது. பாக்டீரியாவின் பெயர் எதுவானாலும் நான் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான்.

எழுதும் முறை: ரோமன் எழுத்தில் எழுதும்போது இரண்டு சொல்லும் சாய்வாக, பேரினத்தின் முதல் எழுத்து மட்டும் பெரியதாக. மறுமுறை வரும்போது பேரினத்தைச் சுருக்கலாம். தமிழில் பெரிய எழுத்து இல்லை என்பதால் இரண்டு சொல்லையும் பிரித்து எழுதி, சாய்வாக்கினால் போதும்.

ஏழாம் படி: வெளியிடுதல், செல்லுபடியாக்குதல்

நல்ல இதழில் கட்டுரை வந்துவிட்டது, பெயரும் அச்சாகிவிட்டது. ஆனாலும் பெயர் இன்னும் சட்டப்படி பிறக்கவில்லை! ஐ.ஜே.எஸ்.இ.எம். என்று சுருக்கமாகச் சொல்லும் சர்வதேச இதழில் வெளிவந்தால் மட்டுமே அது நேரடியாகச் செல்லும். வேறு இதழில் வந்திருந்தால், கட்டுரையையும் இரண்டு நிலையங்களின் சான்றிதழ்களையும் அந்த இதழுக்கு அனுப்பி, அதன் செல்லுபடிப் பட்டியலில் பெயரைச் சேர்க்கக் கேட்க வேண்டும். முன்னுரிமை, அதாவது எந்தப் பெயர் மூத்தது என்பது, கணக்கிடப்படுவது அந்தப் பட்டியல் நாளில் இருந்துதான். கட்டுரை வந்த மகிழ்ச்சியில் இதை மறந்துவிடுபவர்கள் நிறைய. பெயர் மேற்கோள் குறிக்குள் அநாதையாகக் கிடக்கும்.

கட்டுரையின் தலைப்பில் புதுச் சிற்றினம் என்ற குறிப்பு வர வேண்டும். உள்ளே விவரிப்புப் பகுதியில் பெயரின் சொற்பிறப்பு, குணங்கள், மாதிரி ஸ்ட்ரெய்னின் எண்கள், 16எஸ், ஜீனோம் வரிசைகளின் எண்கள் எல்லாம் இருக்க வேண்டும். ஜீனோம் இல்லாமல் இன்று ஐ.ஜே.எஸ்.இ.எம்.மில் புதுச் சிற்றினத்தை ஏற்பதில்லை.

வளர்க்கவே முடியாத பாக்டீரியாவுக்கு என்ன வழி? கேண்டிடேட்டஸ், அதாவது வேட்பாளர், என்ற அடையோடு தற்காலிகப் பெயர் வைக்கலாம். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைப் பசுமை நோயால் சாகடிக்கும் கேண்டிடேட்டஸ் லிபெரிபாக்டர் ஏசியாடிகஸ் அப்படி நிற்கிறது. உலகம் முழுக்கத் தோட்டங்களை அழித்த கிருமிக்கு இன்னும் வேட்பாளர் நிலைதான். தொழுநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியம் லெப்ரேயையும் ஊடகத்தில் வளர்க்க முடியாதுதான். அது 1980 பட்டியலிலேயே இடம்பிடித்துவிட்டதால் தப்பித்தது. இந்த ஏற்றத்தாழ்வு சரியில்லை என்று ஒரு சாரார், ஜீனோம் வரிசையையே மாதிரியாக ஏற்கும் செக்கோட் என்ற தனி விதிநூலை 2022-ல் கொண்டுவந்தார்கள். எனக்குக் குப்பியின் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் மண்ணிலும் கடலிலும் பெரும்பாலானவை குப்பிக்குள் வர மறுக்கின்றன என்பதும் உண்மை.

பெயர் வைத்த பிறகு: மாற்றங்களைப் படித்தல்

பெயரோடு வரும் ஆசிரியர் வரியைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஒரு பாக்டீரியாவின் வரலாறே தெரிந்துவிடும். "எஷெரிக்கியா கோலை (மிகுலா 1895) காஸ்டெல்லானி, சால்மர்ஸ் 1919" என்ற வரியைப் பாருங்கள். அடைப்புக்குள் இருப்பவர் கோலை என்ற அடைமொழியை வேறு பேரினத்தின் கீழ் வைத்தவர். வெளியே இருப்பவர்கள் அதை இப்போதைய பேரினத்துக்கு மாற்றியவர்கள். 1885-ல் குழந்தைகளின் மலத்தில் இருந்து இதை விவரித்த தியோடர் எஷெரிக்கின் பெயரைப் பேரினத்துக்குக் கொடுத்தவர்கள் இவர்கள்தான். காஸ்டெல்லானி 1903-ல் இலங்கை அரசின் பாக்டீரியா நிபுணராகக் கொழும்புக்கு வந்தவர். சால்மர்ஸ் இலங்கை மருத்துவக் கல்லூரியில் இருந்தவர். ஈ. கோலை என்று சொல்லும்போதெல்லாம் கொழும்பில் வேலை பார்த்த இருவரின் சொல்லைத்தான் சொல்கிறோம்.

பெயர் மாறியது என்று கேள்விப்பட்டால் பதற வேண்டாம். 2020-ல் லாக்டோபேசில்லஸ் பேரினத்தை 25 பேரினங்களாகப் பிரித்தார்கள். தயிர், புரோபயாடிக் பாட்டில்களில் இருக்கும் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் இப்போது லாக்டிகேசிபேசில்லஸ் ராம்னோசஸ். அதிகம் புழங்கும் சிற்றினங்கள் போன புதுப் பேரினங்களில் பலவற்றை லகரத்திலேயே தொடங்கி வைத்தது நல்ல யோசனை. சுருக்கிச் சொன்னால் அதே எல். ராம்னோசஸ்தான். 2016-ல் கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசிலை கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்று மாற்றியபோதும், மருத்துவர்கள் பழகிய சி. டிஃப் என்ற சுருக்கம் கெடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

சில இடங்களில் அறிவியல் ஒன்று சொல்லும், விதிநூல் உயிரைக் காக்க வேறு சொல்லும். ஜீனோமைப் பார்த்தால் ஷிகெல்லா முழுவதும் ஈ. கோலைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் வயிற்றுக்கடுப்பு நோயாளியின் ரிப்போர்ட்டில் குழப்பம் வரக் கூடாது என்று தனிப் பெயராகவே புழங்குகிறது. பிளேக் கிருமியை யெர்சினியா சூடோடியூபர்குலோசிஸின் துணைச் சிற்றினமாக்கலாம் என்று 1980-களில் முன்மொழிந்தார்கள். டி.என்.ஏ. அளவில் அது நியாயம்தான். லேபிளில் கடைசிச் சொல்லைக் கவனிக்காத ஒரு ஆய்வக ஊழியர் பிளேக்கைச் சாதாரணக் கிருமி என்று கையாண்டால் என்ன ஆகும்? ஆபத்தான பெயர் என்று சொல்லி, விதிநூலின் நீதிக் குழு அதை 1985-ல் நிராகரித்தது. யெர்சினியா பெஸ்டிஸ் என்ற பெயரே நிற்கிறது.

மாறிய பெயரைக் கட்டாயம் ஏற்க வேண்டுமா என்றால், இல்லை. முறையாக வெளிவந்த பழைய பெயரும் செல்லும். எந்த வகைப்பாட்டை நீங்கள் ஏற்கிறீர்களோ அதற்கு உரிய பெயரைப் பயன்படுத்தலாம். கட்டுரையில் முதல்முறை எழுதும்போது புதுப் பெயரைச் சொல்லி, பழைய பெயரையும் ஒருமுறை குறிப்பிடுங்கள். கூடவே ஸ்ட்ரெய்ன் எண்ணை எழுதுங்கள். அதை விடவே விடாதீர்கள். மேலே சொன்ன காற்றுக் குழாய்களில் இருந்து வந்த மூன்றில் இன்னொன்று பேசில்லஸ் ஆர்யபட்டாய், ஆரியபட்டரின் பெயர். 2020-ல் அதை பிரீஸ்டியா பேரினத்துக்கு மாற்றினார்கள். அது தனிச் சிற்றினமே இல்லை, 1884-ல் பெயர் வைத்த பேசில்லஸ் மெகாடீரியம்தான் என்று ஜீனோமை வைத்து வாதிட்டவர்களும் உண்டு. அந்த வாதத்தை ஏற்றால் முன்னுரிமை விதிப்படி மூத்த பெயர்தான் செல்லும். சண்டிகரில் உள்ள குப்பியை இன்றைக்கு நீங்கள் எழுதிக் கேட்டு வாங்கலாம். அதன் ஸ்ட்ரெய்ன் எண் 2009-ல் இருந்த அதே பி8டபிள்யூ22.